படத்தில் விழாத குளவி

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஐந்நூறு வண்ணத்துப்பூச்சிகளை வானத்தில் பறக்கவிட்டவர் சு. ஆவுடையப்பன். அது நான்தான். உண்மையில் எத்தனை பறந்தன என்று கேட்காதீர்கள் அண்ணாச்சி. பத்திரிகையில் வந்தது ஐந்நூறு.

உங்கள் மடியில் இருக்கிற எலுமிச்சைக் கன்றைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். பையில் 'உலகம்மை நாற்றுப்பண்ணை, நாவல்குளம்' என்று அச்சடித்திருக்கிறதே, அந்த உலகம்மை என் மனைவி. வெயில் அடிக்கிற பக்கம் வைக்காதீர்கள், இப்படித் தள்ளி வையுங்கள். நல்ல கன்றுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பண்ணைக்கு யாரால் பெயர் வந்தது என்று அங்கே கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். பஸ் கோவில்பட்டி போய்ச் சேர நேரம் இருக்கிறது. நான் சொல்கிறேன்.

நான் பகுதிநேர நிருபர். இருபது வருடத்துக்கு மேல். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரம் வரை எது நடந்தாலும் நான் எழுதுவேன், என் பெயர் இல்லாமல் வரும். 'நமது நிருபர்' என்று போடுவார்கள். கிணற்றில் விழுந்த பசு நமது நிருபர். மின்தடை நமது நிருபர். மரநடு விழா, குழாயடிச் சண்டை எல்லாம் நமது நிருபர். என் சொந்த ஊரில் நமது நிருபர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தங்குவது மாமனார் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். தவறான தகவல். கல்யாணமான புதிதில், வாடகைக்கு ஒரு நல்ல வீடு கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் போனேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

மாமனார் பெயர் கடற்கரை. எங்கள் பக்கம் அப்படிப் பெயர் வைப்பார்கள். கடலை அவர் பார்த்தது திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்று மட்டும்தான். நான்கு ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிறார். நான் போனபோது ஏழு ஏக்கர் என்று ஞாபகம். விவசாயம் அப்படித்தான், நிலம் தானாகச் சுருங்கும். ஒரு தடவை எனக்குக் கேமரா வாங்கும்போது கொஞ்சம் சுருங்கியது, ஒரு தடவை நான் சொந்தமாக வாரப் பத்திரிகை நடத்தியபோது கொஞ்சம். காரணம் எதுவாக இருந்தாலும் உழவனின் நிலைமை கவலைக்குரியது. அதைப் பற்றி நானே மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன்.

மிச்சம் இருந்ததில் ஒரு மூலையில் நிழல்வலை கட்டி உலகம்மை நாற்றுப்பண்ணை ஆரம்பித்தாள். விதை போட்டு, முளைத்ததைப் பையில் மாற்றி, வருஷம் முழுக்கக் குனிந்தே நடந்தாள். போன வருடம் கடையநல்லூர்ப் பக்கம் மேலவலசை என்கிற ஊரில் எலுமிச்சை மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து பட்டுப்போய்விட்டன. பழைய மரங்களைத் தோண்டி எடுத்துவிட்டு ஐப்பசி மழைக்கு மறுநடவு செய்வதென்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஐப்பசி மொத வாரம் வாங்கண்ணே. கன்னு உங்களுதுதான்" என்று உலகம்மை வாக்குக் கொடுத்தாள்.

அவர்கள் வேறு எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. போய்க் குழி வெட்டி ஆறப்போட்டார்கள். அவளுக்கு இதுதான் முதல் பெரிய வாக்கு. இது தவறினால் அடுத்து ஒருத்தரும் அந்த வலைக்குள் தலை நீட்டமாட்டார்கள், அப்பாவிடம் மிச்சம் இருக்கிற நிலமும் கைவிட்டுப் போகும் என்று சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். நான் அப்போது மின்தடைச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் காதில் வாங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணியில் நல்ல மழை இரண்டு பெய்தது. கன்றுகள் எல்லாம் தளிர் விட்டன. தளிர் விட்டதும் வண்ணத்துப்பூச்சிகள் வந்துவிட்டன. கறுப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறகின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு. நிழல்வலையின் திறந்த பக்கமாக உள்ளே வருவதும் போவதுமாக, கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி. நான் படம் எடுத்தேன். 'நாவல்குளத்தில் வண்ணத்துப்பூச்சிகள் முகாம்: பொதுமக்கள் பரவசம்' என்று அனுப்பினேன். பொதுமக்கள் என்றால் நானும் பால்காரரும்.

அண்ணாச்சி, மூன்றாம் பக்கத்தில் வண்ணத்தில் போட்டார்கள்! கீழே சின்ன எழுத்தில் 'படம்: ஆவுடையப்பன்'. இருபது வருடத்தில் முதல் தடவை. செய்தி ஆசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆவுடை, நல்லாருக்குய்யா. இந்த மாதிரி அனுப்பு. செத்த பசு போதும்."

பத்திரிகையை எடுத்துக்கொண்டு உலகம்மையிடம் ஓடினேன். அவள் பாத்தியில் குனிந்திருந்தாள். படத்தைப் பார்க்கவே இல்லை.

"பொதுமக்கள் பரவசப்பட்டது இருக்கட்டும் அத்தான். அது எதுக்கு வந்திருக்கு தெரியுமா?"

"எதுக்கு?"

"பிரசவத்துக்கு. ஒவ்வொரு தளிர்லயும் ஒரு முட்டை வச்சிட்டுப் போயிருக்கு, பாருங்க. நாலு நாள் போனா புழு. பத்து நாள் போனா கன்னுல இலை இருக்காது, குச்சிதான் நிக்கும்."

பெண்களுக்கு ரசனை குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் கடிதம் எழுதுவார்கள். ஆனால் அந்தப் புழு இருக்கிறதே, அதிலும் செய்தி இருந்தது. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கிடக்கும். வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். 'கொம்பு முளைத்த அதிசயப் புழு' என்று எழுதினேன். அதுவும் வந்தது. 'படம்: ஆவுடையப்பன்'.

அந்த வாரம்தான் ரஹ்மத் நிஷா வந்தார். தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர், சின்ன வயது, ஸ்கூட்டரில் வருவார். உலகம்மைதான் வரச் சொல்லியிருக்கிறாள். பையிலிருந்து சில அட்டைகளை எடுத்தார். தபால் அட்டையைத் துண்டு போட்டு, மேலே கசகசாவைத் தூவி ஒட்டினது மாதிரி இருந்தது.

"இது என்னம்மா?"

"குளவி அண்ணாச்சி."

"எங்கே?"

"அந்தப் புள்ளிக்குள்ள இருக்கு. நாளைக்கு வெளிய வரும். ஊசி முனை அளவுதான். வண்ணத்துப்பூச்சி முட்டையைத் தேடிப் போயி, அதுக்குள்ள தன் முட்டையை வச்சிரும். புழுவே வராது."

"கொட்டுமா?"

"நம்மளையா? நம்ம இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

"படத்தில் விழுமா?"

"உங்க கேமராவுல விழாது."

"அப்படியென்றால் செய்தி இல்லை" என்றேன். உலகம்மை அட்டைகளை வாங்கி ஒவ்வொரு பாத்தியிலும் இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டினாள்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து நிஷா விவரமாகச் சொன்னார். முட்டையில் முட்டை வைப்பது ஒரு வகையாம். புழுவின் உடம்புக்குள் வைப்பது ஒரு வகை. கூட்டுப்புழுவைத் துளைத்து வைப்பது இன்னொரு வகை. அந்தப் புழுவகைக் குளவியைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு இரண்டாவது காப்பி தொண்டையில் இறங்கவில்லை. கேளுங்கள் இந்த அநியாயத்தை. குளவிக் குஞ்சு புழுவுக்குள்ளேயே பொரிக்கும். உள்ளே இருந்தபடியே சாப்பிடும். ஆனால் முக்கியமான உறுப்பு எதையும் தொடாதாம். தொட்டால் புழு செத்துவிடும், சோறு நின்றுவிடும். அதனால் கொழுப்பை மட்டும் மெல்ல மெல்ல உறிஞ்சும். புழு பாவம், தனக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்று நினைத்து இலையைத் தின்றுகொண்டே திரியும். எல்லாம் இவனுக்குப் போகும். கடைசியில் ஒரு நாள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான், வேறு இடம் பார்த்துப் போவான்.

"இப்படியும் ஒரு பிழைப்பா?" என்றேன். "மனிதனாக இருந்தால் ஊரில் விட்டு வைப்பார்களா?"

மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து எலுமிச்சைக்குக் கூடை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விட்டு வைப்பாங்க மாப்ளே" என்றார். "முழுசா சாப்பிடாம, உசிரை விட்டு வச்சு சாப்பிடுததுக்கு ஒரு தெறமை வேணும்லா. நான் ரொம்ப வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவருக்குப் பூச்சிகளைப் பற்றி அவ்வளவு அனுபவம். நிஷா ஏனோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உலகம்மை தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'வண்ணத்துப்பூச்சியும் குளவியும்: ஓர் ஒப்பீடு'. வண்ணத்துப்பூச்சி பூவுக்குப் பூ போய் நலம் விசாரிக்கிறது, யாரையும் துன்புறுத்துவதில்லை, அழகைத் தவிர வேறு சொத்து இல்லை. குளவியோ அடுத்தவர் உடம்பில் குடியிருந்து, அடுத்தவர் உழைப்பில் கொழுத்து, நன்றி என்ற சொல்லே அறியாதது. நன்றாக அமைந்த கட்டுரை. செய்தி ஆசிரியர் குளவிப் பகுதியை முழுவதும் வெட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிடுகிறவர்கள் படிக்கிற விஷயம் இல்லையாம். மீதி வந்தது. படம் பெரிதாக வந்தது.

அதோடு நின்றிருந்தால் நான் வெறும் நிருபர். எனக்கு ஒரு யோசனை வந்தது. வண்ணத்துப்பூச்சித் திருவிழா. எங்கள் தோட்டத்தில், பெரிய அதிகாரி ஒருவர் தலைமையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னிலையில், ஐந்நூறு வண்ணத்துப்பூச்சிகளை ஒரே நேரத்தில் பறக்கவிடுவது. அழைப்பிதழ் அடித்துவிட்டு உலகம்மையிடம் காட்டினேன். முதலில் காட்டியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். முதலில் காட்டியிருந்தால் அழைப்பிதழ் அடித்திருக்க முடியாது.

அவள் அழைப்பிதழைப் படித்தாள். "ஐந்நூறு பூச்சிக்கு எத்தனை கன்னு வேணும்னு கணக்குப் போட்டிங்களா அத்தான்?" என்று மட்டும் கேட்டாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்குப் பூச்சி வேண்டும், பூச்சிக்குப் புழு வேண்டும், புழுவுக்கு முட்டை வேண்டும். அந்த அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு காலை நேரம் நானே கழற்றினேன். இலைக்கு இலை அட்டை தொங்கினால் படத்துக்கு நன்றாகவா இருக்கும்? உலகம்மை புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுவாள். அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, அவள் இன்னும் பொறுக்காத பாத்திகளிலிருந்து நான் புழுக்களை எடுத்துக் கடைசிப் பாத்தியில் விட்டேன். அங்கேதான் இலை செழிப்பாக இருந்தது. விருந்தாளியை நல்ல இடத்தில்தானே வைக்க வேண்டும்? அது மேலவலசைக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்த பாத்தி என்று அப்போது எனக்கு யாரும் நினைவூட்டவில்லை.

அந்தப் பாத்தியில் ஒரு நாள் அதிசயம் பார்த்தேன். ஒரு புழு அசையாமல் கிடக்கிறது, அதைச் சுற்றிலும் வெள்ளையாகப் பஞ்சுருண்டை மாதிரி சின்னச் சின்ன முட்டைகள். புழுவே முட்டையிட்டிருக்கிறது! ஒன்று இரண்டு அல்ல, நிறையப் புழுக்கள். 'முட்டையிட்ட புழு: நாவல்குளத்தில் அபூர்வம்' என்று உடனே அனுப்பினேன். மறுநாள் நிஷா பத்திரிகையோடு வந்தார்.

"அண்ணாச்சி, புழு எங்கயாவது முட்டை போடுமா? குழந்தை பிள்ளை பெறுமா? இது குளவிக் கூடு. குளவிக் குஞ்சு உள்ள இருந்து தின்னுட்டு வெளிய வந்து கூடு கட்டியிருக்கு."

"அச்சில் வந்துவிட்டதேம்மா" என்றேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது கூட்டுப்புழு சேகரிப்பு. இதில்தான் என் தொழில் அனுபவம் கை கொடுத்தது, அதாவது எலுமிச்சை அனுபவம். தண்டுகளில் கூடுகள் தொங்கின. சில பச்சை, சில பழுப்பு. எந்த ஊரில் வாழ்கிறேன் நான்? எலுமிச்சை ஊரில். பச்சை என்றால் காய், நிறம் மாறினால் பழம். சந்தையில் பழம் பிரிக்கிற மாதிரி பிரித்தேன். பச்சையை எல்லாம் காய் என்று வேலியோரம் கொட்டிவிட்டேன். பழுப்பேறின கூடுகளை, அதிலும் நல்ல கருத்த பழுப்பாகப் பார்த்து, பழப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிப் பழுக்க வைத்தேன். மேலே கொசுவலை போட்டு மூடினேன். நிஷா பின்னால் ஒரு நாள் சொன்னார், சரியாகக் குளவி குத்தின கூடுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேனாம். ஆராய்ச்சி நிலையத்தில்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க மாட்டார்களாம்.

புரட்டாசியில் விழா நாள். பத்திரிகையில் எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தை மாலை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், பிறகு செய்தி ஏறாது. விழா நான்கு மணிக்கு. அதனால் செய்தியை மதியமே அனுப்பிவிட்டேன். இது எங்கள் தொழில் வழக்கம், தவறாக நினைக்காதீர்கள். இருபது வருடமாக நான் எழுதிய மரநடு விழா அத்தனையும் மரம் நடுவதற்கு முன்னால் எழுதியவை. ஒன்றாவது தவறியிருக்கிறதா? மரம் பிழைத்ததா என்பது வேறு செய்தி. 'ஐந்நூறு வண்ணத்துப்பூச்சிகள் வானில் பறந்தன. மாணவ மாணவியர் ஆரவாரம். இயற்கையின் தூதர்கள் என அதிகாரி நெகிழ்ச்சி'. நான்கு மணி பத்து நிமிடம் என்று நேரமும் போட்டேன். துல்லியம் முக்கியம்.

அதிகாரி வந்தார், கொஞ்சம் தாமதம். பேசினார். பெட்டியின் வலையை நீக்கினார். பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

பிறகு மிளகாய்த்தூள் பறந்த மாதிரி ஏதோ கிளம்பியது. எள்ளில் பாதி அளவு, பச்சையும் கறுப்புமாக மின்னுகிற தூசி. வந்துகொண்டே இருந்தது. அதிகாரி மீசையைத் தட்டிவிட்டார்.

"என்னய்யா இது? கொசுவா?"

நிஷா முன்வரிசையிலிருந்து எழுந்து கைதட்டினார். "சார், இது நம்ம ஆளு! குளவி! இவ்வளவு எண்ணிக்கையில நான் பார்த்ததே இல்ல சார்!"

பிள்ளைகளும் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு எது வந்தாலும் சரி. கடைசியில் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. பெட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, இறகு காயும்வரை எல்லோரையும் காக்கவைத்தது. பறந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மின்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. மிச்சத்தை நான் எழுதவில்லை.

மறுநாள் செய்தி வந்தது. நான் எழுதியபடியே, ஒரு சொல் குறையாமல். காலையில் தொலைபேசி அடித்தது. அதிகாரி. நான் பயந்துபோனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆவுடையப்பன், பேப்பர் பார்த்தேன். நல்ல நிகழ்ச்சி. நான்தான் பாதி நேரம் மீசையில கவனமா இருந்துட்டேன், மேல பாக்கலை போலிருக்கு. ஐந்நூறா?"

"ஐந்நூறு சார்."

"பிரமாதம். அந்தத் தோட்டத்தை அப்படியே காப்பாத்தணும்."

நேரில் நின்றவரே அச்சைத்தான் நம்பினார் என்றால் அச்சின் வலிமை எப்படிப்பட்டது! பத்து நாளில் தோட்டத்து வாசலில் பலகை வந்துவிட்டது. 'வண்ணத்துப்பூச்சி வாழிடம். பூச்சிகளைத் தொந்தரவு செய்யாதீர்.' ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பூச்சி எங்கே என்று கேட்டார்கள். நான் பத்திரிகையைக் காட்டினேன். பாதிப்பேர் திருப்தியாகவே போனார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஐப்பசி பிறந்தது.

மேலவலசையிலிருந்து லாரியோடு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் சிதம்பரக்கனி. உலகம்மை அவரைக் கடைசிப் பாத்திக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன். பை வரிசை வரிசையாக இருந்தது. பைக்கு ஒரு குச்சி நின்றது. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. விருந்தாளிகள் நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள்.

"கன்னு எங்க தாயி?" என்றார் அவர்.

உலகம்மை ஒரு பையைக் கையில் எடுத்து அந்தக் குச்சியைப் பார்த்தாள். சூழ்நிலையை இலகுவாக்கலாம் என்று நான் ஆளுக்கு ஒரு பத்திரிகைப் பிரதி கொடுத்தேன். சிதம்பரக்கனி நின்றபடியே முழுவதையும் படித்தார். மடித்தார்.

"அஞ்ஞூறுன்னு போட்டிருக்கு. நாங்க கேட்டதும் அஞ்ஞூறு கன்னுதான் தாயி."

எண்ணிக்கை அப்படிப் பொருந்தியது எனக்கே ஆச்சரியம்.

"அண்ணே, வேரு இருக்கு, தண்டு இருக்கு" என்றாள் உலகம்மை. குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "தை வரைக்கும் தவணை குடுங்க. தையில ஒரு கன்னு கொறஞ்சாலும் இந்த வலையை நானே அறுத்துப் போட்டுருதேன்."

"குழி வெட்டியாச்சே தாயி. குழியில மழைத்தண்ணி நிக்கி."

"தெரியும்ணே."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. போகும்போது அந்த ஊர்க்காரன் ஒருவன் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னான், "லாரிக்குள்ள அந்த பேப்பரையாவது ஏத்துவமா?" என்று. நாகரிகம் தெரியாதவர்கள்.

லாரி மறைந்த பிறகு உலகம்மை என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா? இந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"செய்தியாளர்."

"அது பத்திரிகையில. வீட்டுல?"

அதற்கு உடனடியாகக் கருத்துப் பெற முடியவில்லை.

அன்றைக்கே அந்தப் பலகையைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டாள். அரசுப் பலகை! நிஷாவும் அவளும் கன்றுகளின் நுனியை வெட்டிவிட்டார்கள், மறுபடி தளிர் வந்தது, மறுபடி அட்டை கட்டினார்கள். ஒரு அட்டையை நான் தொடப்போனேன். "மாப்ளே, கைய எடும்" என்றார் மாமனார். இருபது வருடத்தில் அவர் என்னை எதையும் செய்யாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதையும் செய் என்றும் சொன்னதில்லை.

இதில் பெரிய அவமானம் என்ன தெரியுமா? ஒரு நாள் நிஷா எல்லோர் முன்னாலும் எனக்கு நன்றி சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க பெட்டியிலேருந்து வந்ததெல்லாம் இங்கயேதான் தங்கியிருக்கு. இந்தத் தடவை கூட்டுப்புழு ஒண்ணுகூட தப்பலை. நீங்க மட்டும் பொறுக்கி வைக்கலன்னா கன்னு இவ்வளவு சீக்கிரம் தேறியிருக்காது."

நான் அங்கேயே மறுப்புத் தெரிவித்தேன். குளவிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை, மாமனாரைத் தவிர. அவர் சிரித்தார்.

தையில் மேலவலசைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். கன்று குறையவில்லை. பருவமழை போய்விட்டது, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நட்டார்கள். சிதம்பரக்கனி போகும்போது உலகம்மை தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார், தூரத்திலிருந்து.

மாசியில் எங்கள் பத்திரிகையிலிருந்தே ஒரு பையன் திருநெல்வேலியிலிருந்து வந்தான். கையில் முழங்கை நீளத்துக்குக் கேமரா. நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உலகம்மை மேடம் வீடு இதுதானா?" என்றான்.

மேடம்! நான் அவனை உட்கார வைத்து வண்ணத்துப்பூச்சியைப் பற்றி முழுவதும் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியே. பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றான்.

கட்டுரை வந்தது. 'எலுமிச்சையைக் காக்கும் குளவி: நாவல்குளம் பெண் சாதனை'. அரைப் பக்கம். நடுவில் குளவி, அண்டங்காக்கை அளவுக்கு! கண்ணும் கொம்பும் பச்சை உடம்பும், ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. படத்தில் விழாது என்றாரே நிஷா! உள்ளே ஒரு வரி, விழாவில் பெட்டியிலிருந்து வந்தவை பெரும்பாலும் குளவிகள் என்று. அதே பத்திரிகை, அண்ணாச்சி! ஐந்நூறு என்று போட்ட அதே பத்திரிகை! என் பெயரும் இருந்தது என்று சொல்ல வேண்டும். பெயர் என்றால் பெயர் இல்லை. 'கணவர் உடனிருந்தார்'.

செய்தி ஆசிரியருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திருத்தம் போடச் சொன்னேன்.

"எதைத் திருத்தணும் ஆவுடை? இதையா, அதையா?" என்றார். "யோசிச்சுச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் செய்தி அனுப்ப வேண்டாம்."

யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டுச் சொல்கிற விஷயம் இல்லை. இதற்கிடையில் கோவில்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். மச்சினர் கடலைமிட்டாய் போடுகிறார், நல்ல வியாபாரம், அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். கடலைமிட்டாயைப் பற்றி யாரும் இதுவரை முறையாக எழுதவில்லை. நான் போனால் அந்தக் கடைக்கு ஒரு பெயர் வரும். மச்சினருக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை, நேரில் சொன்னால் சந்தோஷப்படுவார்.

உலகம்மைக்கும் எனக்கும் சண்டை என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை, ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. நான் நிருபர் சங்கக் கூட்டத்துக்குத் தென்காசி போயிருந்தேன், ஒரு இரவு தங்க வேண்டியதாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வீட்டு வாசல் பூட்டு மாற்றப்பட்டது. சாவிகள் இரண்டு. ஒன்று உலகம்மையிடம், ஒன்று மாமனாரிடம்.